விளக்கு எரிந்தது, ஆட்டம் அசையவில்லை



சென்ற வாரம் ராஜபாளையத்தில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுவன் பிளேஸ்டேஷன் 4-இன் வயர்லெஸ் கன்ட்ரோலரைக் கேபிளில் செருகிவிட்டுக் கலங்கி நின்றான். விளக்கு எரிந்தது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரையில் அசைவில்லை. அண்ணன் வந்து, பின்புறச் சிறு துவாரத்தில் ஊசியால் அழுத்திப் பழைய இணைப்பை அழித்தான். அப்போதும் பயனில்லை. கேபிளை மாற்றிய பின்பே சரியாயிற்று. முந்தையது சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவான கேபிளாம். அதில் மின்சாரத்துக்குரிய இரு கம்பிகள் உண்டு. செய்தியைச் சுமக்கும் இரு கம்பிகள் இல்லை.

நம் சபையும் இப்படித்தான் ஆகிவிட்டது என்பது என் எண்ணம். ஞாயிறுதோறும் பெலன் பெறுகிறோம், ஏவப்படும்போது அசைவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையிலிருக்கும் நம் விதவைத் தாயார் ஒருவர், இரவுத் துணைக்கு ஆள் வேண்டி வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கைகூப்பும் படங்கள் குவிந்தன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்து ஒருவரும் செல்லவில்லை. வறியவரை வாழ்த்தி மட்டும் அனுப்புவோரை யாக்கோபு கண்டித்ததைப் பிரசங்கித்த நானும் அப்படத்தையே அனுப்பியிருந்தேன்.

இன்று மாலை புறப்படுகிறேன். இரவு தங்கக்கூடிய சகோதரிகள் 5 மணிக்குள் ஆலயத்துக்கு வாருங்கள்.