மீசை பெண்பால்!

மேற்குத் தாம்பரத்தில் முருங்கை மரம் இல்லாத தெருகூட இருக்கலாம். 'ஹிந்தி டியூஷன்' போர்டு இல்லாத தெரு கிடையாது. காந்திஜி 1918-ல் ஆரம்பித்து வைத்த ஹிந்தி பிரசார சபாவின் பரீட்சைகள், நம்ம பக்கத்து அம்மாக்களுக்குக் காதுகுத்து மாதிரி. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்று பழநி படிக்கட்டு! நான் விசாரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, பி.காம். பக்கம் ஒதுங்கிவிட்டேன். "அந்தப் பிரவீணையும் முடிச்சிருக்கலாம்டா" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்காகத்தான் முப்பத்தாறு வயசில், ஆகஸ்ட் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

பிரச்னையே ஆண்பால், பெண்பால்தான். தமிழில் மேஜை, நாற்காலியெல்லாம் நிம்மதியாக அஃறிணையில் கிடக்கும். ஹிந்தியில் அதெல்லாம் நடக்காது. மீசை பெண்பால். தாடியும் பெண்பால். போலீஸ்கூட பெண்பால்! சரி, 'ஈ' என்று முடிந்தால் பெண்பால் என்று மனப்பாடம் செய்தால், தயிரும் (தஹீ) தண்ணீரும் (பானீ) ஆண்பாலாகி காலை வாரும். 'நான் ரொட்டி தின்றேன்' என்றால், வினைச்சொல் எனக்குக் கட்டுப்படாது, ரொட்டிக்குத்தான் கட்டுப்படும். (எங்கள் வீட்டிலும் என் நிலைமை ஏறக்குறைய அதுதான்.) டெபிட், கிரெடிட்டுக்காவது ஒரு நியாயம் உண்டு சார்! மாடி வீட்டுப் பெண் ஸ்பானிஷில் பெரிய பரீட்சைக்குப் படிக்கிறாள். அங்கேயும் இதே கூத்து. 'ஓ'வில் முடிந்தால் பொதுவாக ஆண்பாலாம். ஆனால் 'மானோ', அதாவது கை, பெண்பாலாம். பரஸ்பரம் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

போன வாரம் எலெக்ட்ரிக் டிரெயினில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு வடநாட்டுப் பையன், இருமிக்கொண்டிருந்த அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி, "நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்கணும்?" என்று ஹிந்தியில் கேட்டான். எனக்குள் இருந்த விசாரத் எழுந்து உட்கார்ந்தார். 'அடுத்த ஸ்டேஷன்' என்று சொல்லணும். 'அக்லா'வா, 'அக்லீ'யா? ஸ்டேஷன் ஆணா, பெண்ணா? வண்டி சானடோரியத்தில் நின்றேவிட்டது.

எதிர் சீட்டு பூக்காரம்மா கூடையை நகர்த்திவிட்டு, பையன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"உத்ரோ, உத்ரோ! ஆஸ்பத்திரி!"

இறங்கிவிட்டார்கள். பிளாட்ஃபாரத்திலிருந்து அந்தப் பெரியவர் கும்பிட்டார். பூக்காரம்மாவைத்தான்.

வண்டி கிளம்பியது. அந்தம்மா என் மடியிலிருந்த புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பையனுக்குப் பரீட்சையா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.