ஃபேன் வேகம் மாறலாம், பம்ப் வேகம் மாறக்கூடாது

மக்களே, இது ஒரு பொட்டி தட்டுற பதிவு. சினிமா விமர்சனம் தேடி வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-)

லிக்விட் கூலிங் போட்ட கம்ப்யூட்டர்ல நாலஞ்சு ஃபேன் இருக்கும், ஒரு பம்ப் இருக்கும். எதை எந்த வேகத்துல ஓட்டணும்? என் கருத்து ரொம்ப எளிமை. பம்பை ஒரே வேகத்துல விட்டுடணும். ஃபேனை மட்டும் கூட்டிக் குறைக்கணும். அதையும் சிபியு சூட்டை வச்சு இல்லாம, உள்ள சுத்துற தண்ணியோட சூட்டை வச்சு செய்யணும்.

நான் பார்த்த பொட்டிகள்ல பெரும்பாலும் இதுக்கு நேர்மாறாத்தான் இருக்கு. எங்க ஊர் ராசிங்காபுரம். சாஃப்ட்வேர் வேலையை வீட்ல இருந்தே பார்க்கிறதால, சுத்துவட்டாரத்துல யார் கம்ப்யூட்டர் படுத்தாலும் "இன்ஜினியர் தம்பியக் கூப்பிடு"ன்னு ஆள் அனுப்பிடுவாங்க. போடியில கல்யாண வீடியோ எடிட் பண்ற நண்பன் ஒருத்தன் இருக்கான். முகூர்த்த மாசத்துல ராத்திரி முழுக்க அவன் பொட்டியில ரெண்டர் ஓடும். "மாப்ள, பொட்டி நிமிஷத்துக்கு ஒருக்கா ஊளையிடுது, என்னான்னு பாரு"ன்னான். திறந்து பார்த்தா, வித்த கடைக்காரர் பம்ப் ஒயரை சிபியு ஃபேன் பின்ல சொருகி, ஆட்டோவுல விட்டிருக்கார். சிபியு ஆறினா பம்ப் தூங்குது, சூடானா எகிறுது. ஃபேன்களும் கூடவே ஆடுது.

இது ஏன் தப்பு? ஒரு சின்ன கணக்கு. சிபியு சூடு ஒரே நொடியில 20 டிகிரி ஏறும், அடுத்த நொடி இறங்கும். தண்ணி அப்படிக் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணியை 1 டிகிரி ஏத்த சுமார் 4,180 ஜூல் வேணும். 300 வாட் சூடு உள்ள இறங்கிக்கிட்டே இருக்கு, ரேடியேட்டர் எதையும் வெளியே தள்ளலைன்னு வச்சுக்கிட்டாலும், நிமிஷத்துக்கு 4 டிகிரி சொச்சம்தான் ஏறும். ரேடியேட்டர் ஃபேன் குளிர வைக்கிறது அந்தத் தண்ணியைத்தான். அப்போ அது தண்ணியோட பேச்சைத்தானே கேக்கணும்? மலையில ஏலக்கா ஸ்டோர் வச்சிருக்கவங்களைக் கேளுங்க. அடுப்புல விறகு எப்படி எரியுதுன்னு பார்த்து ஃபேன் போட மாட்டாங்க. ரூமுக்குள்ள சூடு என்ன, ஈரம் என்னன்னு பார்த்துதான் போடுவாங்க.

இதுக்கு வேண்டியது 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒண்ணு. விலை கம்மி. ரெடிமேட் கூலர் வச்சிருந்தா, பல மாடல்கள்ல தண்ணி சூடு யூஎஸ்பி வழியா தெரியும். ரெண்டும் இல்லைன்னா, பயாஸ்ல ஃபேன் வேகம் மாறுறதுக்கு எடுத்துக்கிற நேரத்தை முடிஞ்ச அளவு கூட்டி வைங்க. பாதி ஊளை அதுலயே அடங்கிடும்.

அடுத்து பம்ப். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினா, 300 வாட்டுக்கு உள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் சுமார் 1 டிகிரி. ஓட்டத்தைப் பாதியாக்கினா 2 டிகிரி. அவ்வளவுதான்! இந்த ஒரு டிகிரிக்காக பம்பை ஆட்டி வைக்கணுமா? "வேகத்தைக் குறைச்சா சத்தம் குறையுமே, கரண்டும் மிச்சமாகுமே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். பம்புக்கு மின்சாரம் வேகத்தோட மூணாம் அடுக்குல குறையும், 80 சதவீத வேகத்துல கிட்டத்தட்ட பாதிதான் இழுக்கும். ஆனா அதுக்கு, சத்தம் தொந்தரவு பண்ணாத வேகத்தை ஒரு தடவை கண்டுபிடிச்சு அங்கேயே பூட்டிட்டாப் போதும். ரெடிமேட் கூலர்னா தயாரிப்பாளர் சொன்ன வேகத்துலயே விட்டுடுங்க. டி5 மாதிரி பெரிய பம்ப்னா கரண்டை எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா குடுங்க. மதர்போர்டுல சாதாரண ஃபேன் பின் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும்.

அதே 1 ஆம்பியரை ஸ்ப்ளிட்டர் போட்டு நாலு ஃபேன் மாட்டுறப்பவும் ஞாபகம் வைங்க, நாலோட ஆம்பியரையும் கூட்டிப் பாருங்க. ஸ்ப்ளிட்டர்ல ஒரு ஃபேனோட சுழற்சிக் கணக்கு மட்டும்தான் போர்டுக்குப் போகும். மத்த மூணு செத்தாலும் தெரியாது. ஆனாலும் நான் நிறைய ஃபேன் கட்சிதான். ஒரு ஃபேனைப் பாதி வேகத்துக்கு இறக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினா 3 டெசிபல்தான் கூடும். ரேடியேட்டர்ல இடம் இருந்தா, கத்துற மூணை விட முணுமுணுக்கிற ஆறு மேல்.

நம்ம ஊருக்குன்னு இன்னொரு விஷயம். தண்ணி சூடு ரூம் சூட்டுக்குக் கீழ இறங்காது. யூட்யூப்ல வெள்ளைக்காரர் "30 டிகிரியில ஃபேன் மெதுவா, 40ல முழு வேகம்"னு வைப்பார். சித்திரை வெயில்ல ரூமே 36 டிகிரி இருக்கிற ராசிங்காபுரத்துல அதை அப்படியே வச்சா நாள் பூரா முழு வேகம்தான். அதே பொட்டியை 17 கொண்டை ஊசி வளைவு ஏத்தி போடிமெட்டுக்குக் கொண்டு போனா ஃபேன் லேசா சுத்தினாலே போதும். அதனால தண்ணிக்கும் ரூமுக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சு அமைங்க. என் கணக்கு: 5 டிகிரி வித்தியாசம் வரைக்கும் மெதுவா, 12 டிகிரி வந்தா முழு வேகம். அந்த வசதி இல்லைன்னா வெயில் காலத்துக்கு ஒண்ணு, சாரல் காலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு அமைப்பு போதும்.

தண்ணி வெதுவெதுன்னு இருக்கேன்னு பயப்படாதீங்க. நம்ம திருச்சி என்ஐடியில 2022 மே 25ல திறந்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர், 838 டெராஃப்ளாப்ஸ், நேரடி லிக்விட் கூலிங்லதான் ஓடுது. ஐபிஎம் 2010ல சூரிச் ஈடிஹெச்ல வச்ச அக்வாசார் 60 டிகிரி வெந்நீரை வச்சே சிப்புகளைக் குளிர வச்சு, அந்தச் சூட்டைக் கட்டடத்துக்கும் குடுத்துச்சு. வெதுவெதுப்பான தண்ணியால ஆபத்து இல்ல. ஓடாம நின்ன தண்ணியாலதான் ஆபத்து.

அதனால பம்ப் நின்னா கத்தவும், அப்புறம் பொட்டியை அணைக்கவும் ஒரு ஏற்பாடு கட்டாயம் வேணும். சுழற்சிக் கணக்கு மட்டும் பத்தாது. தோட்டத்துல மோட்டார் சத்தம் கேக்கும், வாய்க்கால்ல தண்ணி வராது, பார்த்திருப்பீங்க. இங்கயும் அதே கதைதான். சொந்தமா குழாய் போட்டுக் கட்டுறவங்க ஒரு ஃப்ளோ சென்சார் வச்சிடுங்க. கிணத்து மோட்டாருக்கு டிரை ரன் கருவி வாங்குற நாம, பொட்டிக்குள்ள இருக்கிற பம்புக்கு ஏன் யோசிக்கணும்?

"சிபியு 100 டிகிரி கிட்டப் போனா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், மீறினா அணைஞ்சிடும், எரியாது"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான், சிபியு தப்பிச்சிடும். ராத்திரி 2 மணிக்குப் பாதியில நின்ன ரெண்டருக்கும், காலையில வாசல்ல நிக்கிற பொண்ணோட அப்பாவுக்கும் யார் பதில் சொல்றது?

கடைசியா, சாஃப்ட்வேர்காரனா இருந்தும் சொல்றேன்: இந்தப் பொறுப்பை சாஃப்ட்வேர்கிட்ட குடுக்காதீங்க. விண்டோஸ் உறைஞ்சா அதுல ஓடுற ஃபேன் புரோகிராமும் உறையும். லினக்ஸ்ல ஃபேன்கண்ட்ரோல் திடீர்னு செத்தா, ஃபேன் கடைசியா இருந்த வேகத்துலயே மாட்டிக்கும். பயாஸ் இல்லைன்னா தனி கண்ட்ரோலர், ரெண்டுல ஒண்ணு பார்த்துக்கட்டும். டைப் அடிக்கவும் பாட்டு கேக்கவும் மட்டும் பொட்டி வச்சிருக்கவங்களுக்கு லிக்விட் கூலிங்கே தேவையில்ல. நல்ல ஏர் கூலர் போதும், நின்னு போக அதுல பம்பே கிடையாது.

மத்தவங்க இன்னைக்கே பக்கவாட்டு மூடியைக் கழட்டி, பம்ப் ஒயர் எங்க சொருகியிருக்குன்னு ஒரு பார்வை பார்த்துடுங்க. பம்பையும் ஆட்டணும்னு சொல்ற கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க, பேசுவோம் :-)