ஜீப்புக்கும் வில்லங்கம் உண்டு

எங்கள் சாந்தன்பாறைப் பக்கத்தில் ஒருவர் பத்து சென்ட் நிலம் வாங்கப் புறப்பட்டால் ஊரே கூடி அறிவுரை சொல்லும். மூலப் பத்திரம் பார்த்தாயா, வில்லங்கம் போட்டாயா, கரம் யார் பெயரில் கட்டுகிறார்கள் என்று டீக்கடைப் பெஞ்சில் இருப்பவரும் கேட்பார். அதே மனிதர் மூன்று இலட்சத்துக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கினால் கேட்கும் கேள்வி ஒன்றே: "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" இந்த வேடிக்கையைப் பற்றித்தான் எழுத வந்தேன். வேடிக்கை என்று சொன்னேனே தவிர, எங்கள் வீட்டில் அது வேடிக்கையாக முடியவில்லை.

என் தாய்மாமா ஏலத்தோட்டம் கொஞ்சம் பாட்டத்துக்கு எடுத்து நடத்துகிறவர். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் பிறர் வண்டியை எதிர்பார்த்து நிற்பது அவருக்குச் சலித்துவிட்டது. போடியில் ஒருவரிடம் ஜீப் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். தேனிப் பதிவு, டி.என். 60 வண்டி. விற்றவர் அத்தை வழியில் தூரத்து உறவும்கூட. "பேரு மாத்துறதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம், நீ வண்டிய எடுத்துட்டுப் போ மாப்ளே" என்றார். 29, 30 எண்ணுள்ள இரண்டு படிவங்களிலும் வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மாமா முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அதில் பாதி அத்தையின் சங்கிலியை அடகு வைத்த பணம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாக ஜீப் வீடு வந்து சேர்ந்தது.

மூன்றாம் மாதம் பூப்பாறை அருகே கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் வண்டியை மறித்தார்கள். விற்றவர் தவணை கட்டவில்லை. (நடுவழியில் மறித்துப் பிடுங்குவது முறையா என்பது வேறொரு வழக்கு.) அந்தக் கடன் ஆர்.சி.யிலேயே பதிவாகியிருந்தது. மாமா பார்த்ததோ முன்பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும். உறவினர் முதலில் "கட்டிடுறேன்" என்றார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மாமாவிடம் மிஞ்சியவை கையெழுத்திட்ட இரண்டு காகிதங்களே.

தோழர்களே, இதைச் சட்டம் படிக்கும் நண்பன் ஒருவனிடம் சொன்னபோது, "முதல் நாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்குமே" என்றான். உண்மைதான். கடன் உள்ள வண்டிக்கு, கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதம் தராமல் ஆர்.சி.யில் பெயர் மாற்றம் செய்ய முடியாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோக என்.ஓ.சி. வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் புதிய பதிவு எண்ணும் வேண்டும். எல்லை தாண்டி வண்டி வாங்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இவையெல்லாம் தொல்லையாகத் தோன்றுகின்றன. வில்லங்கத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடியதும் அந்தத் தொல்லையே அன்றோ?

பெயர் மாற்றம் தள்ளிப்போனால் வேறு இடர்களும் உண்டு. இன்ஷூரன்ஸைப் பாருங்கள். வண்டி கைமாறும்போது, அடிபட்ட பிறருக்கு ஈடு தரும் பகுதி புதியவருக்குத் தானாக வந்துவிடும். வண்டிக்கே நேரும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாதவர் ஜீப் பள்ளத்தில் உருண்டால் பாலிசி ஒரு பெயரில், வண்டி வேறொருவர் கையில் என்று ஆகிவிடும்.

விற்றவரும் தப்ப முடியாது. பல கை மாறிய, இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு கார் மோதி உயிர் போன வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர், அவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் அந்தக் காரை விற்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

வண்டியின் தரத்தைப் பற்றியோ சட்டம் ஏறத்தாழ வாய் திறப்பதில்லை. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி விற்பவனுக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும். தரத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வாங்குபவன் பொறுப்பு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமென்றால், தன் சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் தனி மனிதர் வணிகர் ஆகமாட்டார். 2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனை! துடைத்து மெருகேற்றிய பின் எது மூழ்கியது என்று யார் கண்டார்? விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாததால் சந்தையே எப்படிக் கெடுகிறது என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஓட்டை காரை அமெரிக்கர்கள் எலுமிச்சம்பழம் என்பார்கள். நாம் அதைச் சக்கரத்தடியில் வைக்கிறோம். அவர்களோ சக்கரத்துக்கு மேலேயே பார்க்கிறார்கள்!

"உறவுக்குள் போய் சந்தேகப்படுவதா?" என்று மாமா இன்றும் கேட்கிறார். அவரை நான் ஏளனம் செய்யவில்லை. மலையில் வாய்ச்சொல்லை நம்பித்தான் பாட்டமும் கூலியும் கடனும் நடக்கின்றன. ஆனால் அதே மாமா சொந்தத் தம்பியிடம் நிலம் வாங்கியபோது வில்லங்கம் போட்டுப் பார்த்தாரே! அதைத் தம்பியும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. அந்த வழக்கம் வண்டிக்கும் வர வேண்டும் என்பதே என் கட்சி. மூல ஆர்.சி.யைப் புரட்டிப் பார்ப்பது, இருவரும் சேர்ந்து விண்ணப்பம் கொடுப்பது, பெயர் மாறும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது ஆகியவை ஊர் வழக்கமாகிவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. தனி மனிதர் இருவருக்கு இடையே நடக்கும் விற்பனையோ அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. அங்கேதான் மாமாவும் நிற்கிறார்.

நாமும் நிற்கிறோம். ஏப்ரல் வந்தால் இறுதியாண்டு அண்ணன்மார் தங்கள் பைக்குகளை இளையவர்களுக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள். நம் விடுதி முற்றத்தில் நிற்கும் பைக்குகளில் எத்தனை, ஓட்டுகிறவர் பெயரில் இருக்கின்றன? சென்ற வாரம் என் அறைத் தோழனின் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் அவனுடையது அன்று; விற்ற அண்ணனுடையதும் அன்று. அந்த அண்ணனுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவருடைய தந்தையின் பெயர். அந்தப் பெரியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

மாமா மீண்டும் பேசினார். இம்முறை ஒரு பழைய ஸ்கூட்டர். "நீ வந்து பாத்துட்டுச் சொல்லுடா, அதுக்கப்புறம் பணம் கொடுக்கிறேன்" என்கிறார். பொங்கலுக்குப் போகிறேன்.