சும்மா ஜாலிக்கு

இலக்கிய நண்பர்களிடம் பிடித்த இசையமைப்பாளர் யார் என்று கேட்டால் உடனே இளையராஜா என்பார்கள். இரண்டாவது டீக்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "தேவாவும் கேப்பேன், சும்மா ஜாலிக்கு" என்பார்கள். அந்த 'சும்மா ஜாலிக்கு' மீதுதான் எனக்குக் கோபம்.

தேவாவின் சில மெட்டுகள் எங்கேயோ கேட்டவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பாட்ஷா' (1995), 'காதல் கோட்டை' (1996) எல்லாம் அதே ஆள் போட்டதுதானே? வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாவைத் தொண்ணூறுகளில் ஊர் முழுக்கக் கேட்க வைத்தவரும் அவர்தான். அப்போது அது 'லோக்கல்'. 2018இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியதும் அதே கானா 'எதிர்ப்புக் கலை' ஆகிவிட்டது. அந்தக் குழுவை எனக்கும் பிடிக்கும். நம்ம ஆட்களின் திடீர் ஞானம்தான் இடிக்கிறது. வடிவேலுவுக்கும் இதே கதி. மீமாகப் போட்டால் ரசனை, 'வின்னர்' (2003) படத்தை முழுசா உட்கார்ந்து பார்த்தேன் என்றால் இளக்காரம்.

எனக்கும் இதில் பங்குண்டு. நான் மீஞ்சூர்க்காரன், அம்மா வீடு பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். ஏரிக்கரையில் மாமா வலையின் கிழிசலைச் சரிபண்ணும்போது பக்கத்தில் போனில் தேவா பாடிக்கொண்டிருப்பார். கல்லூரி நண்பனைக் கூட்டிப்போன அன்று, "மாமா, அத கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன். நிறுத்தினார். ஏன்னு கேக்கல.

அன்று நான் காப்பாற்ற நினைத்தது என் ரசனையை அல்ல, நண்பன் முன்னால் என் மரியாதையை.

இனி யார் கேட்டாலும், முதல் டீயிலேயே சொல்வேன்: தேவா பிடிக்கும்.