வட்டு செத்ததா, ஜம்பர் மாறியதா?

மீட்புக்கு வரும் பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குகளில் 'செத்துவிட்டது' என்று ஒதுக்கப்படுபவை எல்லாம் செத்தவை அல்ல. மோட்டார் சுற்றுகிறது, பயாஸ் மட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத்து ஜம்பரை.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் கேவியர் வரிசையில் தனி வட்டுக்கு ஒரு நிலை, ஸ்லேவுடன் ஓடும் மாஸ்டருக்கு வேறு நிலை. இரண்டு வட்டு இருந்த கணினியிலிருந்து மாஸ்டரை மட்டும் கழற்றி வேறொன்றில் பொருத்தினால், அது இல்லாத ஸ்லேவுக்காகக் காத்திருக்கும். பயாஸுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கேவியரில் ஜம்பரே இல்லையென்றால் தனி வட்டு. சீகேட்டின் பல வட்டுகளில் ஜம்பர் இல்லையென்றால் ஸ்லேவ். 'எல்லாவற்றையும் உருவிவிட்டுப் பார்ப்போம்' என்ற நம் பட்டறைப் பழக்கம் ஆபத்தாவது இங்கேதான். உருவிய பிறகு, முன்பு எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. லேபிளும் பாதி உரிந்திருக்கும்.

கேபிள் செலக்ட்டை நம்புவோர் கேபிளையும் பார்க்க வேண்டும். 80 கம்பி கேபிளில் நடு இணைப்பிக்கு 28ஆம் பின் போய்ச் சேராது. அதனால் முனையிலுள்ள கறுப்பு மாஸ்டர், நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவ். சாதாரண 40 கம்பி கேபிளில் அந்த வெட்டு இல்லை. இரண்டு வட்டும் ஒரே பதவிக்குப் போட்டியிடும்.

ஐடிஇக்கான ஏடிஏ தரநிலை 1994இல்தான் முறையாக வெளியானது. அதற்கு முந்தைய இரு நிறுவன வட்டுகள் ஒரே கேபிளில் ஒத்துப்போகாவிட்டால் ஜம்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம். தனித்தனியே ஓட்டி நகலெடுங்கள்.

கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பரும் உண்டு. 32 ஜிபிக்கு மேல் கண்டால் உறைந்துபோகும் 1990களின் பயாஸ்களுக்காக வைத்தது அது. அந்த ஜம்பரைப் போடும் முன் வட்டு முழு அளவில் ஓடியிருந்தால், இதைக் கவனிக்காமல் எடுக்கும் நகல் அரைகுறைதான்.

அடுத்த இதழ் முதல், மீட்பு அறிக்கையோடு எதையும் தொடுவதற்கு முன் எடுத்த ஜம்பர் படமும் லேபிள் படமும் வர வேண்டும். கேபிள் எத்தனை கம்பி, வட்டு எந்த இணைப்பியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத 'செத்த வட்டு' அறிக்கைகளைத் திருப்பி அனுப்புவோம்.