திருத்தலாம், ஆனால்...!

பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் காணி பறிபோகும் என்பதை அறிந்தவர்கள் நாம். கணினி மென்பொருளுக்கும் பத்திரம் உண்டு, அதுதான் உரிமம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 'பைன்' என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தந்தது. படியெடுக்கலாம், திருத்தலாம், வழங்கலாம் என்றது உரிமம். தாராளந்தான்! பின்னர் வந்தது விளக்கம்: திருத்தலாம், வழங்கலாம், திருத்தியதை வழங்கலாகாது! கஞ்சியை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டுவதா?

எவரும் திருத்திப் பகிரத்தக்க மென்பொருள்களைத் திரட்டித் தரும் தொண்டர் அமைப்பு டெபியன். அது பைனைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்க மறுத்தது. வீம்பா இது? பழுது நீக்கி அண்டை வீட்டானுக்குக் கொடுத்தவன் வழக்குமன்றம் ஏற நேர்ந்தால் யார் காப்பது?

2007இல் அதே பல்கலைக்கழகம் 'ஆல்பைன்' என்ற வாரிசை அப்பாச்சி உரிமத்தின்கீழ், ஐயத்துக்கு இடமின்றி வெளியிட்டது. டெபியனின் கதவும் திறந்தது. அந்தத் தெளிவை முதலிலேயே எழுத்தில் தந்திருக்கக் கூடாதா?