சஹலைக் கொடுத்து பிளாஸ்டர்ஸ் வாங்கியது என்ன?



மென்செஸ்டருக்கும் பார்சிலோனாவுக்கும் நடுச்சாமம் வரை முழித்திருக்கும் நம்ம ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பொடியன்மாருக்கு இன்றைக்கு ஒரு பக்கத்து வீட்டுக் கதை. கேரளா பிளாஸ்டர்ஸ். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் நம்ம கிரவுண்டுக்கும் வருகிறேன்.

2014இல் தொடங்கிய கழகம். கொச்சி கலூர் மைதானத்தில் மஞ்சள் ஜேர்சியோடு திரளும் கூட்டத்தை ஃபோனில் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். கல்கத்தாவின் நூறு வருடக் கழகங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டையும் விட்டால், இந்தியாவில் இப்படிக் கூட்டம் சேர்க்கும் கழகம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கிண்ணம்? முதல் பத்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை. 2014, 2016, 2022 என்று மூன்று முறை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டிக்கு வந்து மூன்றிலும் தோல்வி. பின்னைய இரண்டும் பெனால்டியில். அதைப் பார்த்த வயிற்றெரிச்சல் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இவர்கள் ஏன் வெல்லவில்லை என்று கேட்டால் பயிற்றுவிப்பாளர், நடுவர், அதிர்ஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யாரை விற்றார்கள், எப்போது விற்றார்கள், அந்த இடத்தில் யாரை வைத்தார்கள்.

சஹல் அப்துல் சமதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணூர்க் குடும்பம், பிறந்தது அமீரகத்தின் அல் ஐனில். வெளிநாட்டுக்கு உழைக்கப் போன வீட்டுப் பிள்ளை. நம்ம பக்கத்திலும் அப்படி எத்தனை வீடு! 2018-19இல் ஐ.எஸ்.எல். லீக்கின் வளரும் வீரர் விருது அவருக்குத்தான். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவில் நழுவிப் போகும் அந்த ஆட்டத்துக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. 2023 ஜூலையில் அவரை மோகன் பகானுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பிரீதம் கொட்டாலையும் கூடவே ஒரு தொகையையும் வாங்கினார்கள். சஹலுக்கு அப்போது 26 வயது. கொட்டாலுக்கு 29.

நியாயமாகப் பேசுவதென்றால், கொட்டால் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய சீசனில் மோகன் பகான் கிண்ணம் தூக்கியபோது தலைவர் அவர்தான். பிளாஸ்டர்ஸின் பின்வரிசைக்கு அனுபவம் தேவைப்பட்டதும் உண்மை. அதனால் அன்றைக்கே இது பைத்தியக்கார முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றரை சீசனுக்குள், 2025 ஜனவரியில், அதே கொட்டால் சென்னையினுக்குப் போய்விட்டார். சஹல் போன பக்கமோ 2023-24இல் லீக் ஷீல்டு, 2024-25இல் ஷீல்டும் கிண்ணமும் சேர்த்து எடுத்தது. எல்லாவற்றையும் சஹலே வென்று கொடுத்தார் என்பதல்ல. மோகன் பகான் பணம் கொட்டும் கழகம், அங்கே அவர் பலரில் ஒருவர். ஆனால் கொச்சியில் அவர் பலரில் ஒருவர் இல்லை, அதுதான் வித்தியாசம்.

சஹல் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். கோல் அடிப்பவர்களின் கதையைப் பாருங்கள். 2021-22இல் இறுதிக்கு வந்த அணியில் அல்வாரோ வாஸ்கெஸ், ஜோர்ஹே பெரெய்ரா டயஸ் இருவரும் ஆளுக்கு எட்டு கோல். அடுத்த சீசனில் ஒருவர் கோவாவில், மற்றவர் மும்பையில். மும்பை அந்த வருடமே ஷீல்டு எடுத்தது. பிறகு கிரேக்கத்திலிருந்து டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ் வந்தார். 2023-24இல் 13 கோல், தங்கப் பாதணி. சீசன் முடிந்ததும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் முடிந்ததால் பிளாஸ்டர்ஸுக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை. அடுத்து வந்த ஸ்பானியர் ஹெசுஸ் ஹிமெனெஸ் 11 கோல் அடித்தார், 2025இல் அவரும் போனார். (அந்த வருடம் லீக் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது, அதற்குக் கழகத்தைக் குறை சொல்ல முடியாது.)

கோல் காப்பாளர் பிரப்சுகன் கில், 2021-22இல் தங்கக் கையுறை வாங்கியவர், 2023இல் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2017 உலகக் கிண்ணத்தில் 17 வயதுக்குட்பட்ட இந்திய அணிக்காகக் கொலம்பியாவுக்கு எதிராக கோல் அடித்தாரே ஜீக்சன் சிங், அவரும் 2024இல் ஈஸ்ட் பெங்காலுக்கு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அவர் வேறு கழகத்தோடு பேசிக் கையெழுத்துப் போடலாம். முடிந்த நாளில் சும்மாவே போகலாம். அதனால் கடைசி வருடம் தொடங்குமுன் கழகம் ஒன்றில் புதுப்பிக்க வேண்டும், இல்லை விற்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் ஜீக்சனை நல்ல விலைக்கு விற்றதில் பிழை இல்லை. டயமண்டகோஸை சும்மா போகவிட்டதுதான் பிழை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இத்தனை பேரை எடுத்த ஈஸ்ட் பெங்கால் 2024-25இல் ஒன்பதாம் இடம், பிளாஸ்டர்ஸ் எட்டாம் இடம். ஆள் பிடிப்பது மட்டும் அணி கட்டுவதாகாது.

விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. விற்ற இடத்தை வெறுமையாக விட்டதும், காசு கொடுத்து வந்து தொண்டை கிழியக் கத்தும் சனத்துக்கு ஏன் விற்றோம் என்று சொல்லாததும்தான் குறை. இவான் வுகோமனோவிச்சின் மூன்று சீசனிலும் பிளே-ஓஃப் போன அணி, அவர் போன அடுத்த சீசனில் எட்டாம் இடத்துக்கு இறங்கியது. அந்த சீசனில் மஞ்சப்படை ரசிகர்கள் நிர்வாகத்துக்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள். இவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள், தோற்றாலும் வருவார்கள் என்ற நினைப்பு நிர்வாகத்துக்கு இருந்திருக்க வேண்டும்.

மென்செஸ்டர் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே உங்கள் அகடமியில் வளர்ந்த மெக்டொமினேயை 2024இல் நாப்போலிக்கு விற்றீர்கள். வளர்த்த பிள்ளைக்கு வாங்கிய விலை என்று எதுவும் கணக்கில் இல்லை, அதனால் விற்ற காசு முழுவதும் இலாபமாகப் பதிவாகும். கணக்காளருக்குச் சந்தோஷம். அடுத்த மே மாதம் நாப்போலி இத்தாலியின் சம்பியன், மெக்டொமினே அந்த லீக்கின் சிறந்த வீரர். யுனைடெட் 15ஆம் இடம்.

இனி நம்ம கிரவுண்ட்.

பிளாஸ்டர்ஸ் செய்த நல்லது ஒன்றும் உண்டு. அய்மன், அஸ்ஹர் என்ற இரட்டைச் சகோதரர்கள் அவர்களுடைய இளையோர் அணியிலிருந்து முதல் அணிக்கு வந்தவர்கள். ஊர் லட்சத்தீவு. 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகள் எல்லாம் சேர்த்தே சுமார் 64,000 பேர்தான். நம்ம நுவரெலியா மாவட்டத்தில் 2012இல் ஏழு லட்சத்துக்கு மேல். ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியுமா? 2021 சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்களில் ஒன்றாக நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் ஆடியபோது மலைநாட்டுக்கும் ஒரு வழி திறந்தது என்று மகிழ்ந்தவன் நான்.

ஆனால் தோட்டத்து டூர்னமெண்டுகளில் நடப்பது என்ன? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிண்ணம் வைக்கிறோம். லயத்து வீடுகளில் ஐம்பது, நூறு என்று காசு சேர்க்கிறோம். அரையிறுதி வந்ததும் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நாலைந்து பேரை வேனில் இறக்குகிறோம். வருடம் முழுக்க மழையிலும் சேற்றிலும் பயிற்சி எடுத்த பொடியன் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கிண்ணம் கிடைக்கிறது, படம் எடுக்கிறோம், வேன் திரும்பிப் போகிறது. அடுத்த திங்கள் அந்தப் பொடியன் பயிற்சிக்கு வருவதில்லை. "வந்து என்ன சேர், எப்படியும் எங்களை எடுக்க மாட்டாங்களே" என்று என் வகுப்பிலேயே சொன்ன பிள்ளை இருக்கிறான்.

வெளியாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரர் ஒருவரோடு சேர்ந்து ஆடினால் நம்ம பிள்ளைகளும் நாலு விசயம் படிப்பார்கள். ஒரு அணிக்கு இரண்டு பேர் போதும். ஆரம்பத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும், அரையிறுதிக்குப் பிறகு புதுப் பெயர் கூடாது. தொடக்கப் பதினொருவரில் 18 வயதுக்குக் கீழே நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேராவது இருக்க வேண்டும்.

பொங்கல் டூர்னமெண்டுக்குக் கமிட்டி கூடும்போது இந்த மூன்றையும் எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். மறுப்பு இருப்பவர்களும் எழுதுங்கள், ஏன் என்று சொல்லி எழுதுங்கள்.